மூக்கு வைத்த வண்டு

"அப்பு! ஓடி வா! மாவுல மறுபடியும் வண்டு!"

துரைசாணி போட்ட சத்தத்தில் பங்களாவில் அப்பு என்று அழைக்கப்படும் சமையல்கார வீரய்யா கரண்டியும் கையுமாகச் சாமான் அறைக்கு ஓடி வந்தான். பன்னிரண்டு வருஷமாகக் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் வெள்ளைக்காரத் துரைசாணிக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. திட்டுவதென்றால் இன்னும் சரளமாக வரும்.

"இருட்டா இருக்கு. தீக்குச்சி கிழி."

வீரய்யாவின் கை இடுப்பு மடிக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பியது.

"தீப்பெட்டி நனஞ்சு போச்சுங்க தொரசாணி. வெளக்கையே எடுத்தாறேன்."

விளக்கு வந்தது. பெரிய தகர டின் நிறையக் கோதுமை மா. அதன் மேல் ஏழெட்டு வண்டுகள் சாவகாசமாக உலாவிக்கொண்டிருந்தன. துரைசாணி ஒன்றைக் காகிதத்தில் ஏந்தி, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்தினாள்.

"ஜனவரி பன்னிரண்டு! ஏப்ரல் பதினொண்ணு! இப்ப அக்டோபர் இருபது! மூணாவது தடவை! என்ன காவல் காக்கிற நீ?"

"செய்யாதது என்னங்க? காஞ்ச மொளகா போட்டேன், வசம்பு போட்டேன், கிராம்பு போட்டேன். வெயில்ல காய வைக்கலாம்னா, இந்த ஊர்ல வெயிலுக்கு எங்க போறது? மூடிய இறுக்கித் துணியும் சுத்திக் கட்டினேன். அதுக்கும் மேல வருதுன்னா, கொழும்புல இருந்தே ரயிலேறி வருதுங்க."

விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த துரை எழுந்து வந்தார். பங்களாச் சாமான் ஒரு பிடிகூடத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகக் கூடாது என்பது துரையின் சட்டம். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் நாளைக்கு லயமே வாசலில் வந்து நிற்குமாம்.

"இதை என்ன செய்யப் போற?"

"நாய்க்குக்கூட வைக்கக் கூடாதுங்க தொர. நானே குழி வெட்டிப் பொதச்சிடுறேன்."

"லயத்துக்குப் போகாதே?"

"ஐயையோ, லயத்து ஆளுங்களுக்கும் வயிறு இருக்குல்லங்க!"

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னொரு தடவை வண்டு வந்தா, வண்டோட சேர்த்து உன்னையும் அனுப்பிடுவேன். நட, புதைக்கிறதை நான் பார்க்கணும்."

வீரய்யாவுக்கு இது பதினோரு வருஷ வேலை. அதை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"இந்த மழையிலயா?" என்று துரைசாணி துரையிடம் சீறினாள். "நேத்து ராத்திரி பூரா இருமினது போதாதா? போய் உட்காருங்க. நான் பார்க்கிறேன்."

துரை முணுமுணுத்துக்கொண்டே பேப்பருக்குத் திரும்பினார். வீரய்யா மாவைச் சாக்கில் கொட்டித் தோளில் ஏற்றினான். பின்கதவு வரைக்கும் துரைசாணி குடையோடு கூடவே வந்தாள்.

"நில்லு. அந்த நனைஞ்ச தீப்பெட்டியைக் கொடு."

"அது... வேணாங்க தொரசாணி. ஈரம்..."

"கொடு!"

கொடுத்தான். துரைசாணி மெல்லத் திறந்தாள். உள்ளே குச்சி ஒன்றுமில்லை. நாலு அரிசி மணியும் ஐந்து வண்டும் இருந்தன.

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டான். வேலை போயிற்று. லயத்தில் அண்டாவைக் கழுவி வைத்துவிட்டு இந்த மாவுக்காகக் காத்திருக்கும் காளியாயிக்கும் மற்றப் பெண்களுக்கும் என்ன பதில் சொல்வது?

துரைசாணி பெட்டியை மூடி அவன் மடியிலேயே திரும்பச் செருகினாள். விறாந்தைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மாவுல வர்ற வண்டுக்கு மூக்கு கிடையாது வீரய்யா, இது மூக்கு வச்ச அரிசி வண்டு. தீபாவளிப் பலகாரத்துல எனக்கும் ரெண்டு எடுத்து வை. பொங்கலுக்காவது சரியான வண்டாப் பார்த்துப் பிடிச்சுப் போடு, எத்தனை தடவைதான் நானும் துரைக்குக் கேட்கிற மாதிரி கத்துறது?"