கல்லுக்கு ஒரு படம்

"நாட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்தவங்க படத்தை மாட்டுற இடம்மா இது. உங்க வீட்டுக்காரர் படத்தை இங்க வந்து தேடினா எப்படி?"

கண்காட்சி அதிகாரி கனிபெக் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே புகைப்படக்காரர் சபார்பெக் ஐம்பது வருஷமாக எடுத்த படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாடகர்கள், மல்யுத்த வீரர்கள், மந்திரிகள். தலைநகர் பிஷ்கெக்கில் அவர் கேமராவுக்கு முன்னால் உட்காராத பெரிய மனிதர் கிடையாது.

சைராகான் நகர்வதாக இல்லை. அவள் கணவர் மாமித், பாடகர் எசென்பாயின் காரோட்டி. செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை வருஷ நினைவு விருந்து. அன்றைக்கே முகம் பொறித்த கல்லைக் கல்லறையில் நட வேண்டும். கல் செதுக்குகிறவர் படம் எங்கே என்று தினமும் கேட்கிறார்.

"பாஸ்போர்ட் படம் இருக்குமே?"

"இருக்கு. ஆனா முப்பது வருஷமா அந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தார். சபார்பெக் ஐயா எடுத்த படத்தைத்தான் என் கல்லுல போடணும்னு."

கையில் ஒரு பிரதிகூட இல்லையா என்று கனிபெக் கேட்டார். மாமித் நாலு தடவை ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டாராம். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் வா என்றார்களாம். அப்புறம் அவரே, பெரிய மனுஷன், ஆயிரம் வேலை இருக்கும், படம் அவரிடம் பத்திரமாக இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

கனிபெக் சிரித்துவிட்டார். "காரோட்டிக்கு ஸ்டுடியோ படமா? உங்ககிட்ட நல்லா கதை விட்டிருக்கார்."

சைராகான் உள்ளே சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டினாள். பாடகர் எசென்பாய். பாடப்புத்தகத்தில்கூட வந்த படம். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி.

"அந்தத் தொப்பி என் வீட்டுக்காரரோடது. கறுப்புக் கரை நான் தைச்சது."

கனிபெக்குக்குச் சிரிப்பு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தன் தொப்பியைக் கழற்றி இன்னொருவன் தலையில் வைக்க மாட்டான். தலையில் இருக்கிற அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பார்கள். ஆனால் அந்தப் படம் எடுத்த அன்று பாடகர் வெறுந்தலையோடு வந்துவிட்டார். தொப்பி இல்லாமல் படம் எடுபடாது என்றார் சபார்பெக். மாமித் கழற்றிக் கொடுத்தார். அது திரும்ப வரவேயில்லை.

"அதுக்குத்தான் ஐயா மனசு இரங்கி, நீயும் வந்து உட்காருப்பான்னு ஒரு படம் எடுத்தாராம். தலையை வாரிக்கிட்டு உட்கார்ந்தேன்னு சொல்லுவார்."

பின்னாலிருந்து சபார்பெக்கின் குரல் கேட்டது. "கனிபெக், அவங்களை உள்ளே விடு."

எழுபத்தைந்து வயது மனிதர் அவளை உட்காரவைத்துத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். எந்த வருஷம், எந்த மாதம் என்று விசாரித்தார். பெட்டி பெட்டியாக நெகட்டிவ் கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றார்.

கனிபெக் தானும் உதவிக்கு வருவதாகச் சொன்னார். சபார்பெக் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு தானே உட்கார்ந்தார். கண்காட்சி வேலையெல்லாம் அப்படியே நின்றது. ஒரு காரோட்டிக்காக இந்த மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று கனிபெக்குக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

திறப்பு நாளன்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். நிருபர் பெண் மைக்கை நீட்டினாள்.

"அப்ப பிலிம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு," என்றார் சபார்பெக். "ஒரு சுருள்ல பன்னெண்டு படம். ஒண்ணைக்கூட நான் வீணாக்கினதில்ல. அதே சமயம் என் கேமராவுக்கு முன்னால பாடகரும் ஒண்ணுதான், காரோட்டியும் ஒண்ணுதான்."

பிறகு கூட்டத்தில் நின்ற சைராகானைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரு தங்கச்சி. ஒரு வருஷம் கிடங்குல தண்ணி புகுந்திருச்சு. அந்தப் பெட்டி மொத்தமும் போச்சு."

அழுகையை அடக்கிக்கொண்டு அவள்தான் அவரைத் தேற்றினாள்.

"வருத்தப்படாதீங்க ஐயா. இவ்வளவு பெரிய மனுஷன் அவரை உட்காரவெச்சு எடுத்தீங்களே. அந்தப் பெருமையிலதான் அவர் கடைசிவரைக்கும் வாழ்ந்தார். எனக்கு அது போதும்."

சபார்பெக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே காட்சிக்கு வைத்திருந்த அவருடைய பழைய கேமராவை எடுத்தார். "மாமித்தை எடுத்த அதே கேமரா. இன்னிக்கு உன்னை எடுக்கிறேன்."

கனிபெக் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். சைராகான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் சுற்றி நின்று படம்பிடிக்க, சபார்பெக் குனிந்து பார்த்துப் பொத்தானை அழுத்தினார். அரங்கமே கைதட்டியது. கனிபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வந்து வாங்கிக்கணும் ஐயா?"

"அடுத்த வாரம் வா தங்கச்சி."

அவள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கேமரா மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் போனது.

கேமராவுக்குள் பிலிம் இல்லை. மாமித் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கும் இல்லை.