உடன் வந்தவருக்கான தாள்

ஏழாவது கேள்வியிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

'ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்ப்பீர்கள்?'

இதையேதான் இரண்டாவதாகவும் கேட்டிருந்தார்கள். வார்த்தைகளை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். மாட்டிவிடப் பார்க்கிறார்கள்.

அங்கே என்ன போட்டோம் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இங்கேயும் 'மூன்று முறை' என்பதற்கு நேரே டிக் செய்தாள்.

மூன்று முறையாம். இந்தக் கிளினிக்கின் லிஃப்டுக்குள்ளேயே நான்கு தடவை பார்த்திருந்தாள்.

முகத்தைத் திருத்திக்கொள்ள வருகிறவர்கள் அதை நினைத்து எவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று முதலில் அளந்து பார்ப்பார்கள். இருபது கேள்வி, எண்பது மதிப்பெண். நாற்பதைத் தாண்டினால் அறுவை சிகிச்சை கிடையாது, மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் போனில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பிளஸ் டூ பரீட்சையைக்கூட இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால் நம்பமாட்டார்கள். அங்கங்கே ஓர் ஒன்று, ஓர் இரண்டு.

'மாற்ற விரும்பும் பகுதி' என்ற இடத்தில் மட்டும் உண்மையை எழுதினாள்.

இடது கண். இமை ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும்.

அவள் பேனாவை மூடியதும், கவுன்சிலர் ரெஜினா இன்னொரு தாளை எடுத்து அவள் கணவன் நவநீதனிடம் நீட்டினாள்.

"இது கூட வந்தவங்களுக்கு சார்."

இப்படி ஒரு தாள் இருப்பதாக யாரும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பாத்ரூம் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்பதை எழுதிவிடுவானோ? சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குத் தலைவலி என்று போகாமல் படுத்துக்கொண்டதை? பொய் சொல்லத் தெரியாத மனிதன்.

எது குறை என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

எட்டு வருடமாக அவள் சொன்னதில்லை. "மூஞ்சியில" என்பாள், அதோடு சரி. அவனும் "எல்லாம் நல்லாத்தானே இருக்குது" என்பான். கை நீட்டிக் காட்டிவிட்டால், அப்புறம் அவன் பார்வை அங்கேயே போய் நிற்கும். அந்த பயம்தான்.

நவநீதன் மெதுவாக எழுதினான். பேனாவைக் கடித்தான். ஒருமுறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் சட்டென்று சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரெஜினா இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துக் கூட்டினாள்.

"உங்களுது பதினேழுதாங்க மேடம். சாரும் கிட்டத்தட்ட அதேதான் போட்டிருக்காரு. டாக்டரைப் பாத்துடலாம்."

காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மேசைக்கு அடியில் அவன் கையைத் தேடினாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் இடிக்குது. நீங்க கண்ணுன்னு எழுதியிருக்கீங்க. சார் தாடைன்னு எழுதியிருக்காரு."

அவள் கை நின்றது.

"போட்டோ எடுத்தா எப்பவும் கையை வெச்சு மறைச்சுக்குவா," என்று நவநீதன் அசடு வழிந்தான். "அதான் தாடையோன்னு நெனச்சுட்டேன்."

மறைப்பதற்காக இல்லை. பார்க்கிறவர்களின் கண் மேலே போகாமல் கையிலேயே நிற்கட்டும் என்றுதான் வைப்பாள். அவன் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான், பாவம்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தானே எழுதினான்.

டாக்டரின் அறையில் வெளிச்சம் அதிகம். அவளை நாற்காலியில் சாய்த்து, குறியிடும் பேனாவின் மூடியைக் கழற்றினார். இடது இமைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

எட்டு வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"கண்ணு இருக்கட்டுங்க டாக்டர்," என்றாள்.

"மொதல்ல தாடை."