வால் ஆடாமல்

வாயால் நீரைப் பீய்ச்சிப் பூச்சி பிடிக்கும் மீன் ஒன்று, அலையாத்தி மரத்தடியின் பச்சை வெளிச்சத்தில் கனவுபோல மிதந்தது. மேலே இலையில் ஒரு வெட்டுக்கிளி. மூன்று முறை பீய்ச்சியும் குறி தப்பியது.

"இலை ஆடுது," என்று முனகியது மீன்.

பறக்கச் சிறகு விரித்த வெட்டுக்கிளிக்குப் பொறுக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தது. "இலை ஆடல. பீய்ச்சுறதுக்கு முன்னாடியே நீதான் வாலை ஆட்டிடுறே. எனக்கு இங்கிருந்து நல்லாத் தெரியுது."

மீனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "அப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டது.

"வாலை அடக்கிக்கோ. அவசரப்படாம, மெதுவாப் பீய்ச்சு."

மீன் அப்படியே செய்தது. வெயிலில் வெள்ளி நூலாய் நீர் எழுந்தது.

"இப்ப சரியா இருந்துச்சா?" மென்றுகொண்டே மேலே பார்த்துக் கேட்டது மீன்.

இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.