வாசலில் நாலடி

ஜாஃபர் சாதிக் தன் கடை வாசலைத் தானே இடிக்கத் தொடங்கியபோது, கீழவாசல் கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள்கூட ஏறவில்லை.

வாசலுக்கு வெளியே சாக்கடை மேல் பாவியிருந்த கடப்பாக்கல் மேடை. சரியாக நாலடி. கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். முதல் கல் பெயர்ந்து வரவே கால் மணி நேரம் ஆயிற்று. அறுபத்து மூன்று வயது உடம்பு, மூச்சு வாங்கியது.

பத்து மணிக்கு ஜேசிபி வரப்போகிறது என்று தெருவுக்கே தெரியும். தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். மூடிய சாக்கடை, நடைபாதை, விளக்குக் கம்பம் எல்லாம் வரைந்து தெருமுனையில் பெரிய படமே வைத்திருந்தார்கள். படத்தில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசாமல் எதிரெதிரே போய்க்கொண்டிருந்தன. நடந்து போகிறவர் ஒருவர் கையிலும் ஒரு பை இல்லை.

வண்டி வந்ததும் வியாபாரிகள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்துவிடுவது என்று முந்தின நாள் கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

எதிர் ஜவுளிக்கடை பஞ்சநதம் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

“பாய், என்ன காரியம் பண்றீங்க? ரெண்டு தடவ கோர்ட்டுக்குப் போயி ஸ்டே வாங்குனதே நீங்கதானே? நீங்களே இடிச்சா, நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரோட்ல உக்கார்றது?”

அவர் சொன்னது நிஜம். பதினோரு வருடம் சங்கச் செயலாளராக இருந்து, இந்தத் தெருவில் ஒரு செங்கல்லைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டவர் ஜாஃபர் சாதிக்தான். மூன்றாவது முறை வக்கீல் கூப்பிட்டபோது மட்டும் அவர் போகவில்லை.

அந்த மேடையும் ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் ஏறி இறங்க ஒரு படி. பிறகு சாரல் அடிக்கிறதென்று மேலே ஒரு தகரம். தகரம் இருக்கிறதே என்று கீழே ஒரு கல். ஒவ்வொரு தீபாவளிக்கும் எவர்சில்வர் குடங்களும் அண்டாக்களும் ஒரு சாண் வெளியே வந்தன. எதிரே பஞ்சநதத்தின் புடவை கட்டிய பொம்மைகளும் வந்தன. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் தஞ்சாவூர் போய் வந்துகொண்டிருந்தது.

பஞ்சநதம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா போனதுலேருந்து நீங்க நீங்களா இல்ல பாய்.”

அவர் மனைவி ஹலீமா இறந்து எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் போய்விட்டாள். மறுநாள் தீபாவளி வியாபாரத்தையும் விட்டுவிட்டு அரை நாள் கடையடைத்து, தெருவே மையத்து அடக்கத்தில் கலந்துகொண்டது. அழுதவர்களில் பஞ்சநதமும் ஒருவர்.

“தள்ளி நில்லுங்க பஞ்சநதம், கால்ல விழுந்துடப்போவுது” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜாஃபர் சாதிக் இரண்டாவது கல்லுக்குப் போனார்.

கூட்டம் சேர்ந்தது. புதுசாகக் கட்டுகிற வணிக வளாகத்தில் இவருக்கு முன்பக்கக் கடை என்று பேசிவிட்டார்கள் என்றான் ஒருவன். அவருக்குக் கேட்காமலில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது. தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார்.

ஜேசிபி வந்தபோது அவர் வாசலில் இடிக்க ஒன்றும் பாக்கியில்லை. ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியை அடுத்த கடைக்கு நகர்த்தினார். நாற்பது பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஞ்சநதம் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

அவர்கள் யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது.

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, சாயங்காலம் ஆறு மணி. தெருவில் கால் வைக்க இடமில்லை. கடைக்குள் ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து சிக்கிக்கொண்டு அலறியது. டிரைவர் இறங்கி வந்து, இந்தக் குடங்களைக் கொஞ்சம் உள்ளே எடுத்தால் வண்டி போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜாஃபர் சாதிக் வாசலுக்கு வந்து, சைரனுக்கும் மேலே குரலை உயர்த்திக் கத்தினார்.

“யாவார நேரத்துல இந்தத் தெருவுக்குள்ள எதுக்குய்யா வர்றே? பின்னாடி எடுத்துட்டுப் போ!”

பின்னாலும் போக வழியில்லாமல் வண்டி அங்கேயே இருபது நிமிடம் நின்றது. கல்லாவின் மேல் கிடந்த அவருடைய செல்போன் அவ்வளவு நேரமும் அடித்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் அதுவும் அவர் காதில் விழவில்லை.

ஹலீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது பக்கத்து வீட்டுப் பூவம்மாள். மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்தவள், மனுஷனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னாள்.

“கடைத்தெருவுல வண்டி நின்னப்ப உங்க குரல் கேட்டுச்சு பாய். என்ன சொன்னீங்கன்னு சைரன்ல புரியல. கண்ணு தொறக்காம கெடந்தவங்க சட்டுன்னு தொறந்தாங்க. ‘அவங்க வந்துட்டாங்க, இனிமே வழிவிடச் சொல்லிடுவாங்க’ன்னாங்க. அதுக்கப்புறம் பேசல.”