புதன்கிழமைத் தண்டனை

"இன்னைக்கு வர லேட்டாகும். தண்டனை. வகுப்புல பேசினேனாம்."

சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள் மகள்.

"மறுபடியுமா? இன்னைக்கு அந்த டீச்சரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலேன்னா பாரு!" என்றார் அப்பா, சாத்திய கதவைப் பார்த்து.

பார்சல் கிடங்கில் அவர் சூப்பர்வைசர். அவர் குரல் கேட்டால் தள்ளுவண்டிகூடத் தானாக ஓரம் போகும் என்று அங்கே கிண்டலடிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு அந்தக் குரலோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புதன்கிழமை வந்தால் போதும், பள்ளி முடிந்ததும் அவளுக்குத் தண்டனை. ஒரு வாரம் ஷூவுக்குப் பாலிஷ் இல்லை. ஒரு வாரம் வீட்டுப்பாடம் பாக்கி. இந்த வாரம் என்னடாவென்றால், பேசினாளாம்! வீட்டில் அவள் வாய் திறந்து மாதக்கணக்கில் ஆகிறது. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டல். என்னம்மா ஆச்சு என்றால் கதவு சாத்தல்.

உள்ளுக்குள் அவருக்குப் பயம்தான். பிள்ளை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எந்தப் பக்கம் போய்ப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. மனைவியிடம் பேச்செடுத்தால் அது சண்டையில் போய் முடியும். பயத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டாமா? தண்டனை கொடுக்கும் கணக்கு டீச்சர் மாட்டிக்கொண்டார்.

டீச்சர் ஒரு வகுப்பறை வாசலில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே கணக்கு டீச்சர்? என் பொண்ணு அப்படி என்ன குத்தம் பண்ணிட்டா, வாராவாரம்..."

"மெதுவா சார், உள்ளே தண்டனை நடக்குது. முதல்ல பாருங்க, அப்புறம் திட்டுங்க. நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன்."

கதவு ஒருக்களித்திருந்தது. நீள மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து, கிழிந்த நூலகப் புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் கையெல்லாம் பசையாக நடுவில் இருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேசிக்கொண்டிருந்தது அவர் மகள்.

"அப்பாவும் அம்மாவும் ஆரம்பிச்சாங்கன்னா நான் தம்பியை இழுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிடுவேன். குழாயைத் திறந்து விட்டுடுவேன். அவனுக்கு எதுவும் கேட்காதுல்ல?"

"நான் மிக்ஸியைப் போட்டுடுவேன்," என்றான் எதிரில் இருந்தவன். "உள்ளே ஒண்ணுமே போடாம, வெறும் மிக்ஸி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"வெளியே வந்ததும், தண்ணியை வீணாக்குறேன்னு அப்பா திட்டுவார்."

கண்ணாடி அம்மா நிமிராமலே கேட்டார். "தம்பிக்கு நீ குழாய் திறக்குற. உனக்கு யாரு திறக்குறது, கண்ணு?"

மகள் ஒட்டிய அட்டையையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

நாலு கேள்வியோடு வந்தவருக்கு ஒரு கேள்விகூட மிஞ்சவில்லை. கதவை விட்டு நகர்ந்து வந்தார்.

"அவங்க யாரு?"

"மனநல ஆலோசகர்."

"தண்டனைன்னு சொன்னீங்களே?"

"போன வருஷம் இதே கதவுல 'ஆலோசனை அறை'ன்னு போர்டு மாட்டினோம் சார். ஈ காக்கா எட்டிப் பார்க்கல. பெற்றோர் கூட்டத்துல வேற, ஒருத்தர் எழுந்து, 'எங்க பிள்ளைங்க என்ன பைத்தியமா?'ன்னு கேட்டார். எல்லாரும் கைதட்டினாங்க."

அந்த ஒருத்தர் யார் என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று கிடைத்த கைதட்டலைப் பற்றி ஒரு வாரம் கிடங்கில் பீற்றிக்கொண்டவருக்கு அது மறந்தா போகும்?

"போர்டைக் கழட்டிட்டு, தண்டனைன்னு சொல்லிட்டேன்," என்றார் டீச்சர். "ஆரம்பத்துல ஒரு அப்பா, ஒரு அம்மா மறுப்பு சொல்லணுமே! நல்லா கண்டிச்சு வைங்கன்னு நன்றி வேற சொன்னாங்க. பிள்ளைங்களே வந்து, 'மிஸ், எனக்கும் தண்டனை கொடுங்க'ன்னு கேட்குறாங்க. வாராவாரம் புதுசா ஒரு குத்தம் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கற்பனை பத்தல."

"எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார். திட்டணும்னா இப்ப திட்டலாம். உங்க பொண்ணுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, இன்னையோட நிறுத்திடலாம்."

"ஐயோ, நிறுத்திடாதீங்க."

உள்ளே மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் மகளின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர்... பெத்தவங்களுக்கு இந்த மாதிரி தண்டனை எதுவும் கிடையாதா?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"மாடிக்குப் போங்க. பழைய பெஞ்சுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்காங்க. எல்லாரும் என்கிட்ட சண்டை போட வந்தவங்கதான். உங்க வீட்டம்மா போன மாசமே வந்துட்டாங்க."