ஸ்டெத்தைச் சூடு பண்ணும் கலை

"டேய் நவாஸ், புஸ்தகத்தை மூடுடா! பிராக்டிகல்ல பாஸாகப் புஸ்தகம் வேணாம், மனுசத்தன்மை வேணும்!"

ஏற்காடு பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஜெப்சனும் அத்தனை சத்தமாகப் பேசினான். டாக்டர் பரீட்சை பாஸாகி ஆறு மாசம் ஆகிறது. போனில் பேசுவதற்கும் ஊருக்கு உபதேசம் பண்ணுவதற்கும் அவனுக்கு வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது.

மறுமுனையில் ஜூனியர் நவாஸ். அடுத்த வாரம் அவனுக்குக் கடைசி வருஷப் பிராக்டிகல்.

"பயமா இருக்குண்ணா. பேஷன்ட் பக்கத்துல போனாலே படிச்சதெல்லாம் மறந்துடுது."

"எனக்கெல்லாம் பயம்னா என்னன்னே தெரியாதுடா" என்றான் ஜெப்சன், கொஞ்சமும் கூசாமல்.

தெரியாதாம்! முதல் தடவை எக்ஸாமினர் முன்னால் வாயே திறக்காமல் நின்றுவிட்டு, பெயிலாகி வந்த மகராசன் இவன். எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் அப்பா ஞானசுந்தரம் அவசரப்பட்டு எழுதி வாங்கிய 'டாக்டர் ஜெப்சன்' போர்டு, அதன் பிறகு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்தது. இரண்டாவது தடவையும் கோட்டை விட்டிருந்தால் அங்கேயே இருந்திருக்கும்.

அந்த இரண்டாவது தடவை நடந்த கதையைத்தான் இப்போது அளந்துகொண்டிருந்தான்.

கட்டிலில் இதய நோயாளி, ஒரு அம்மா. எக்ஸாமினர் பக்கத்தில் வந்து நின்று, "ஸ்டெத் வெச்சுக் கேளுங்க. என்ன நோய்னு சொல்லுங்க" என்றார். ஜெப்சன் ஸ்டெத்தின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா பண்றீங்க?" என்றார் எக்ஸாமினர்.

அந்த அம்மாவே பதில் சொன்னாள்: "சூடு பண்றாருங்க. சில்லுன்னு வெச்சா எனக்குத் தூக்கிவாரிப் போடும்னுட்டு."

எக்ஸாமினர் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு நாளாப் பார்க்கறேன், ஒருத்தருக்கும் இது தோணலையே! நிதானமாப் பாருங்க தம்பி, அவசரமே இல்லை."

அப்புறமென்ன! இதயத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது. வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொன்னான். பாஸ்!

"அதாண்டா விஷயம். பேஷன்ட் மேல அக்கறை. அது எனக்கு ரத்தத்துலயே ஊறினது."

பின் சீட்டிலிருந்து யாரோ அவன் தோளைத் தொட்டார்கள்.

"ஏனுங்க சாமி, என்னையத் தெரியுதுங்களா? செம்மநத்தம் கிருஷ்ணம்மாளுங்க. உங்க பரிச்சைக்குக் கட்டில்ல படுத்திருந்தனே!"

ஜெப்சனுக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சியே டிக்கெட் எடுத்துப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது!

"டேய், லைன்லயே இரு! அந்த அம்மாவே இங்க இருக்காங்க!" ஸ்பீக்கரைப் போட்டு போனை அவளிடம் நீட்டினான். "சொல்லுங்கம்மா. நல்லாச் சத்தமாவே சொல்லுங்க. அன்னிக்கு நான் ஸ்டெத்தை என்ன பண்ணுனேன்?"

கிருஷ்ணம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள்.

"சூடு பண்ணித்தானுங்க வெச்சாரு. நொம்பத் தங்கமான புள்ளைங்க."

"கேட்டியாடா நவாஸ்?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய், போன் தானாகவே கட்டானது. ஜெப்சன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"சமயத்துல வந்து நம்ம மானத்தைக் காப்பாத்துனீங்கம்மா!"

கிருஷ்ணம்மாள் முன்னால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்குப் பயத்துல உங்க கையே ஐஸ்கட்டியாட்டம் இருந்துச்சு கண்ணு. நீங்க தேய்க்கத் தேய்க்க அது இன்னும் சில்லுன்னுதான் ஆச்சு. எங்க பெயிலாப் போயிருவீங்களோன்னு மனசு கேக்கல, அப்படிச் சொல்லிப்போட்டேன். அந்தத் தம்பியவாவது நெசமாலுமே சூடு பண்ணி வெக்கச் சொல்லுங்க சாமி. அடுத்த வாரமும் நாந்தானுங்க போய்ப் படுக்கோணும்."