ஜாமாய் ஷஷ்டிக்கு ஒரு ஜாம்

"பழம் வயித்துக்கு ஆகாதவாளுக்கு எந்த ஜாம் சரிப்படும், சந்தானம்? காய்ச்சினப்புறம் பழத்தோட தோஷம் போயிடுமோல்லியோ?"

நாகலக்ஷ்மி கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனாலும் புளியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் மஹாதேவன் திரும்பிவிட்டார்.

"யாருக்கு ஆகாது?"

"எனக்குத்தான். நேத்திலேர்ந்து ஒரே உப்புசம்."

பொய். நாளைக்கு ஜாமாய் ஷஷ்டி. கல்கத்தா மாமியார்கள் மாப்பிள்ளையை உட்கார வைத்து, தட்டு நிறையப் பழம் அடுக்கி உபசரிக்கும் நாள். அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான். பெயர் அனிர்பன், கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தில் எஞ்சினீயர். பெண் காமு அவனைக் கைப்பிடித்த அன்று, "அந்த வங்காளி என் வாசல்படி மிதிக்கக் கூடாது" என்று மஹாதேவன் போட்ட தடை இன்னும் அப்படியே நிற்கிறது. அவருடைய ரயில்வே ஆபீசும் அதே கார்டன் ரீச்சில்தான். ஆனாலும் தளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

நாளை அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் மாப்பிள்ளையை வரவழைப்பது என்று நாகலக்ஷ்மி முடிவு கட்டிவிட்டாள். "அவருக்குப் பழச் சர்க்கரை ஜீரணமாகாதும்மா, டாக்டரே சொல்லிட்டார்" என்று பக்கத்து வீட்டு போனில் காமு எச்சரித்திருந்தாள். பழமே இல்லாமல் ஜாமாய் ஷஷ்டியா? அதனால்தான் இந்த ஜாம் யோசனை.

லேக் மார்க்கெட் முழுக்க லோட்ஷெடிங், கரண்ட் இல்லை. கடைக்காரர் சந்தானம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"மாம்பழ ஜாம், மாமி."

"வேண்டாம்" என்றார் மஹாதேவன்.

"ஆப்பிள்?"

"உள்ளே வையும்."

"மிக்ஸட் ஃப்ரூட்? எல்லாரும் இதைத்தான் கேக்கறா."

"அதுலயும் பாதி ஆப்பிள்தான். வேண்டாம்னா வேண்டாம்!"

நாகலக்ஷ்மிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை. பெண்ணின் கல்யாணத்தில் ஆரம்பித்தது ஜாம் பாட்டில்வரை வந்துவிட்டது. மிக்ஸட் ஃப்ரூட் பாட்டிலைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

"இது எனக்கில்லை. நாளைக்கு என் மாப்பிள்ளை வரார். நான்தான் கூப்பிட்டிருக்கேன். மணை போட்டு உக்கார வெச்சு, என் கையால பரிமாறப் போறேன். பிடிக்கலேன்னா ராத்திரிவரைக்கும் ஆபீஸ்லயே இருந்துக்கோங்கோ. அந்த வாசப்படி எனக்கும் சொந்தம்தான்!"

சந்தானம் துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் எதையோ தேட ஆரம்பித்தார்.

மஹாதேவன் அவள் பையில் கைவிட்டு பாட்டிலை எடுத்துத் திருப்பி வைத்தார். அவள் விடவில்லை, மறுபடி அதற்கே கை நீட்டினாள். அதற்குள் அவர் அலமாரிக் கோடியில் இருந்த மார்மலேடை, அந்த ஆரஞ்சுத் தோல் ஜாமை, எடுத்துப் பையில் போட்டார்.

"மத்ததெல்லாம் எத்தனை காய்ச்சினாலும் அவன் வயித்தைப் பிசையும்டி. இது ஒண்ணுதான் ஒத்துக்கறது" என்றார் அதே அதட்டல் குரலில். "வெள்ளிக்கிழமை தோறும் எங்க ஆபீஸ் கேண்டீன்ல என் எதிரே உக்காந்து, இதைத்தானே டோஸ்ட்ல தடவிண்டு திங்கறான்!"